லிஃப்ட்காரர் வீட்டுப் பெரிய ஊதா

அக்கா ஒரு தொட்டியைத் தூக்கி என் கையில் வைத்தாள். நான் அப்போதுதான் பல் துலக்கிவிட்டு வந்திருந்தேன். கையில் ஈரம்கூடக் காயவில்லை.

"எப்படி இருக்கு?"

"செடி மாதிரி இருக்கு."

"எடையைக் கேட்டேன்டா."

"கனமா இருக்கு."

"கனமா இருந்தா தாகம் இல்லன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை வரைக்கும் இதுக்குத் தண்ணி வேண்டாம். நானே மறந்துபோய் ஊத்த வந்தாலும் விடாத."

தொட்டியை வாங்கி அடுக்கில் வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பாதி டீயை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள். பாதி டீயை விட்டுப் போவது புதிதல்ல. மீதியை நான் குடிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். குடித்தேன். பதினொன்று இருபதுக்கு அவள் வேலை பார்த்த மருந்துக் கடையிலிருந்து போன் வந்தது. யாரோ நீட்டிய மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தாளாம். பிறகு எழுந்திருக்கவில்லை. டாக்டரின் கையெழுத்து புரியாமல் யோசிக்கிறாள் என்று நினைத்துக் கடைக்காரர் கொஞ்ச நேரம் தொந்தரவு செய்யாமல் இருந்திருக்கிறார்.

அன்று காலை அவள் என் கையில் வைத்தது எந்தத் தொட்டி என்று எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் ஈரக் கையும் கனமும்தான் நினைவுக்கு வருகின்றன. எங்கள் பால்கனியில் இருபத்து மூன்று தொட்டிகள் இருந்தன. அதில் ஒன்று, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நாங்கள் இருவர்தான் அந்த வீட்டில். அவளுக்கு அறுபத்து நான்கு, எனக்கு அறுபது. இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அக்கா ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். "இவன் என்னைப் பார்த்துப் பயந்துட்டான், நான் இவனைப் பார்த்துப் பயந்துட்டேன்." அவள் மருந்து எடுத்துக் கொடுத்தாள். நான் பாடப்புத்தகம் அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்தினேன். இரண்டு பேர் வேலையிலும் ஓர் எழுத்து மாறினால் யாருக்காவது கெடுதல்.

வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. கிழக்கு பார்த்த பால்கனிக்குக் கண்ணாடி போட்டு, மூன்று தட்டுள்ள இரும்பு அடுக்கு ஒன்றை வைத்திருந்தாள். மேல்தட்டில் எட்டு, நடுத்தட்டில் எட்டு, கீழே ஏழு. எல்லாமே ஆர்க்கிட். அதிலும் பெரிய பூ பூக்கும் கேட்லியா வகை மட்டும். பூக்காத நாளில் அவற்றில் பார்க்க ஒன்றும் கிடையாது. விரல் தடிமனில் சில பச்சைத் தண்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் பழைய தோல் செருப்பு மாதிரி ஒரு தடித்த இலை. மண்கூடக் கிடையாது. மரப்பட்டைத் துண்டும் கரியும்தான். அதற்குள் அடங்காமல் வெள்ளை வேர்கள் தொட்டிக்கு வெளியே தொங்கும். வருடத்தில் ஒருமுறை விரித்த உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு பூ வரும், ஓரமெல்லாம் சுருக்கம் வைத்துத் தைத்தது போல. மூன்று வாரம் இருக்கும். பிறகு மறுபடியும் செருப்புதான்.

பூ இருக்கும்போது நானும் பார்ப்பேன். செருப்பாக இருக்கும்போது பார்த்ததில்லை. அதற்குத்தான் பின்னால் அனுபவித்தேன்.

லிஃப்ட்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்து லிஃப்ட் மாதம் ஒருமுறை நின்றுவிடும், பழுது பார்க்க அவர் வருவார். ஏழு வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் ஏதோ கருவிக்கு மின்சாரம் கேட்டு எங்கள் கதவைத் தட்டியவர், பால்கனியைப் பார்த்துவிட்டு வந்த வேலையை மறந்து நின்றார். "எங்க வீட்டம்மாவும் இதே பைத்தியம்தான்" என்றார். அடுத்த வாரம் அந்த அம்மா வந்தார். இருவருக்கும் அன்று தொடங்கிய பேச்சு அந்த அம்மா சாகும்வரை முடியவில்லை.

அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. மனசுக்கு மிகப் பிடித்த செடியை ஒரே வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஒரு பாதி உன் வீட்டில், ஒரு பாதி என் வீட்டில். ஒரு வீட்டில் செத்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும். அப்படித்தான் அந்த அம்மா பத்து வருடமாக வளர்த்த பெரிய ஊதாவில் பாதி எங்கள் அடுக்குக்கு வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். போன கோடையில் லிஃப்ட்காரரின் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள், செடிமேல் சொட்டக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், அவர் பால்கனி முழுக்க பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பிரித்தபோது எல்லாம் வெந்திருந்தது.

ஆக, அந்த அம்மாவின் செடி என்று உலகத்தில் மிச்சம் இருந்தது எங்கள் வீட்டுப் பாதி ஒன்றுதான். அதைப் பிரித்து அவருக்குத் தருவதாக அக்கா சொல்லியிருந்தாள். நினைத்த நேரத்தில் வெட்ட முடியாது. புதுத் தண்டின் அடியில் புது வேர் அரிசி அளவுக்கு எட்டிப் பார்க்கும்போது வெட்டினால்தான் இரண்டு பாதியும் பிழைக்கும்.

அக்கா இறந்த அன்று லிஃப்ட் நின்றிருந்தது. யாரும் கூப்பிடாமலே அவர் வந்து அதைச் சரிசெய்துவிட்டு, வருகிறவர்களை இரண்டு மணி நேரம் மேலும் கீழும் ஏற்றி இறக்கினார். வீட்டுக்குள் வரவில்லை. மூன்றாவது வாரம்தான் வந்தார். சட்டையில் எண்ணெய் வாசனை.

"அவசரம் ஒண்ணும் இல்ல சார். புது வேர் விட்டா ஒரு வார்த்தை சொல்லுங்க. அக்கா சொல்லியிருப்பாங்க."

"சொல்லியிருக்கா. எடுத்துத் தர்றேன்."

அவரை நிறுத்தி வைத்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பிளாஸ்டிக் லேபிள் செருகியிருந்தது, அக்காவின் பென்சில் எழுத்தில். 'பல் டாக்டர் வெள்ளை', 'சின்ன மஞ்சள்', 'நர்சரி ஊதா' என்று, யார் கொடுத்தது, என்ன நிறம், எந்தத் தேதி. நடுத்தட்டில் இருந்தது: 'லிஃப்ட்காரர் வீட்டுப் பெரிய ஊதா'. வேர் இன்னும் வரவில்லை. "பத்திரமா இருக்கு" என்றேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது. அது எங்கே இருக்கிறது என்று திட்டவட்டமாகத் தெரிந்திருந்த ஒரே ஒரு வாரம் அது.

அடுத்த ஞாயிறு காலை எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. லேபிள்களில் பாசி படர்ந்து, பென்சில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. என் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. எல்லாவற்றையும் புது லேபிளில், அழியாத மை என்று மேலேயே எழுதியிருக்கிற மார்க்கர் பேனாவில், அழகாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ஹாலில் ஒரு செய்தித்தாளை விரித்து, லேபிள்களைப் பிடுங்கி, அடுக்கில் இருந்த அதே வரிசையில் வைத்தேன். எட்டு, எட்டு, ஏழு. அடுக்கும் அழுக்காக இருந்ததால் தொட்டிகளைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு அதையும் துடைத்தேன். புது லேபிள்களை எழுதி, பழையவை இருந்த இடத்திலேயே வைத்து, பழையவற்றைக் குப்பையில் போட்டபோது போன் அடித்தது.

வேறு ஊரில் இருக்கும் தங்கை. வீட்டில் அவளுக்கு வானொலி என்று பெயர். நிலையம் திறந்தால் மூடாது.

"அண்ணா, செடிக்குத் தினமும் தண்ணி ஊத்துறியா?"

"கனமா இருந்தா ஊத்தக் கூடாதாம்."

"நீ என்ன செடியை எடை போட்டு விக்கவா போற? வெயில் இப்படி அடிக்குது. வாயில்லா ஜீவன், கேக்கவா முடியும்?"

"அக்கா சொன்னது."

"அக்கா சொன்னதெல்லாம் நீ என்னைக்குக் கேட்டிருக்க?"

அவள் அழ ஆரம்பித்தாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது தண்ணீர் கேன்காரர் வாசலில். தோளில் இருபது லிட்டர். சமையலறைக்குப் போகும் வழியில் செய்தித்தாள். "சார், சீக்கிரம் சார், தோள்பட்டை போகுது" என்றார். ஒரு கையில் போன், இன்னொரு கையால் தாளைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்தேன். தாள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. லேபிள்கள் ஒரு மூலையில் குவிந்தன.

கேன்காரர் போன பிறகும் தங்கை பேசிக்கொண்டிருந்தாள். நான் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பால்கனியில் தரையில் இருந்த தொட்டிகளைப் பார்த்தேன். இடம் கிடைத்த இடத்தில் வைத்திருந்தேன். முதல் வரிசையை ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்தேனா, கதவுப் பக்கத்திலிருந்தா? கதவோரம் நிற்கிற இந்த ஆறு மேல்தட்டா, கீழ்த்தட்டா? புரூஃப் தாள் இரண்டே இரண்டு வந்தாலும் மூலையில் எண் போடாமல் தொடாதவன் நான். அன்றைக்கு ஒரு தொட்டிக்கும் எண் போடவில்லை.

இருபத்து மூன்று ஜோடிச் செருப்புகள் என்னைப் பார்த்தன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

மாலைவரை முயன்றேன். இது இங்கே இருந்தது, இல்லை, இதுவல்லவா அங்கே இருந்தது என்று மாற்றி மாற்றி வைத்தேன். நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்த இரண்டு மூன்றும் ஐந்தாவது தடவை யோசித்தபோது கைவிட்டுப் போயின. கடைசியில் கண்ணுக்குச் சரியென்று பட்டபடி செருகினேன். 'லிஃப்ட்காரர் வீட்டுப் பெரிய ஊதா'வை நடுத்தட்டில் நான்காவது தொட்டிக்குக் கொடுத்தேன். ஐந்தாவதாகவும் இருந்திருக்கலாம். எழுத்து மட்டும் கண்ணைப் பறிக்கிற மாதிரி இருந்தது.

அக்காவின் போனில் தேடினேன். நானூறு படங்கள். அத்தனையும் பூவின் முகம், கிட்டத்தில் வைத்து எடுத்தது. ஒன்றில்கூடத் தொட்டி தெரியவில்லை. ஒரு படத்தில் பூவுக்குப் பின்னால் என் முழங்கை இருந்தது. பெரிய ஊதாவைக் கண்டுபிடித்தேன், அது எப்படிச் சிரிக்கும் என்று தெரிந்தது. எங்கே நிற்கும் என்று தெரியவில்லை.

செடி விற்கும் நர்சரிக்காரரிடம் ஆறு இலைகளைப் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இதுல எது ஊதா?"

"பூ இல்லாம எப்படி சார் சொல்றது? முதுகைக் காட்டி நிக்கிறவனோட மூக்கு எப்படி இருக்கும்னு கேக்குறீங்க."

"எப்போ பூக்கும்?"

"குளிர் வரட்டும். எட்டு மாசம் இருக்கு. உங்களுக்கு என்ன அவசரம்?"

எனக்கு அவசரம் இல்லைதான். ஆனால் அந்த வாரமே லிஃப்ட்காரர் போன் செய்தார். வேலையிலிருந்து நின்றுவிட்டாராம். அடுத்த மாதம் மகள் இருக்கும் ஊருக்கே போய்விடப் போகிறாராம். "வேர் வந்துச்சா சார்?"

வந்திருந்தது. அன்று காலைதான் பார்த்தேன். ஐந்து தொட்டிகளில் தண்டின் அடியில் பச்சைப் பொட்டு வைத்த மாதிரி எட்டிப் பார்த்தது. நான் லேபிள் குத்தியிருந்த நான்காவது தொட்டியிலும்.

"வந்திருக்கு" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

தங்கையிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அக்கா போன பிறகு முதல்முறையாக அவள் சிரித்தாள். "முப்பது வருஷமா ஊரார் தப்பை வட்டம் போட்டவன் நீ" என்றாள். பிறகு, "அவர்கிட்ட சொல்லிடுண்ணா. மறைக்கிறதுக்கெல்லாம் உன் மூஞ்சி பத்தாது."

"ஒருவேளை சரியாவே செருகியிருந்தா?"

"இருபத்து மூணுல ஒண்ணு. நீ எந்தக் காலத்துல அவ்வளவு அதிர்ஷ்டக்காரன்?"

சனிக்கிழமை காலை அவர் வந்தார். ஒரு மண்தொட்டி, ஒரு பை மரப்பட்டை, கத்தி, சிகரெட் லைட்டர். எல்லாம் மனைவியுடையது. லைட்டர் மட்டும் தன்னுடையது என்றார். கத்தியை நெருப்பில் காட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு செடியின் நோய் இன்னொன்றுக்குப் போகும்.

பால்கனித் தரையில் செய்தித்தாளை விரித்து எதிரெதிரே உட்கார்ந்தோம். நான்காவது தொட்டியை அவர் முன்னால் வைத்தேன். அவர் லேபிளைப் படித்தார். இலையைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இதுதானா?" என்று கேட்டேன். நான் கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"எனக்கு எப்படி சார் தெரியும்? எனக்குப் பூ தெரியும். செடி தெரியாது. அவ தூக்கச் சொன்னா தூக்குவேன், வைக்கச் சொன்னா வைப்பேன். நீங்கதானே கூடவே இருந்தீங்க."

"நானும் உங்க மாதிரிதான்."

"அப்போ லேபிளை நம்ப வேண்டியதுதான்" என்றார். தொட்டியைச் சாய்த்து, விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, செடியை வெளியே இழுத்தார். பட்டைத் துண்டுகள் கொட்டின. அவற்றோடு சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டும் விழுந்தது. அவர் அதை எடுத்துச் சட்டையில் துடைத்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"சின்ன மஞ்சள்."

என்னிடம் கொடுத்தார். அக்காவின் பென்சில் எழுத்து. வேருக்கு நடுவே, ஈரத்தில், வருடக்கணக்கில் கிடந்த எழுத்து. நேற்று எழுதியது போல இருந்தது.

மேலே இருந்த லேபிள் ஒன்று சொன்னது, உள்ளே இருந்தது இன்னொன்று சொன்னது. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இதென்ன சார், தலையும் புரியல, வாலும் புரியல."

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, செய்தித்தாள், தங்கை, கேன்காரர், எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்வரை அவர் கையில் இருந்த செடியைக் கீழே வைக்கவில்லை.

"நீங்க புரூஃப் பார்க்கிறவர்தானே?"

"ஆமா."

"எத்தனை வருஷமா?"

"முப்பத்தொண்ணு."

"என் வீட்டுக்குச் சுண்ணாம்புக்காரன். உங்க வீட்டுக்கு நீங்க" என்றார். திட்டினாரா, ஆறுதல் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஆனால் வழி ஒன்று தெரிந்துவிட்டது. அக்கா தொட்டிக்குள்ளும் ஒரு லேபிளைப் புதைத்திருக்கிறாள். அப்படியென்றால் எல்லாவற்றிலும் இருக்கும். நான் உடனே மேல்தட்டில் இருந்த முதல் தொட்டியை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"புது வேர் வராத செடியைக் கவுக்கக் கூடாது சார். பழைய வேரெல்லாம் பட்டையைக் கட்டிப் பிடிச்சிருக்கும். பிய்ச்சா ரெண்டு வருஷம் படுத்துக்கும், சிலது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இது மட்டும் எனக்குத் தெரியும். அவ கத்திக் கத்திச் சொல்லுவா."

வேர் வந்திருந்தவை இன்னும் நான்கு. அதை மட்டும் பார்ப்போம் என்றார். இரண்டாவதாகக் கவிழ்த்தது: 'பல் டாக்டர் வெள்ளை'. அதைப் புதுப் பட்டை போட்டு மறுபடி நட்டோம். மூன்றாவது: 'நர்சரி ஊதா'. ஒரு கணம் இருவருமே 'ஊதா' என்ற எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு நிமிர்ந்தோம். பிறகு முன்னால் இருந்ததையும் படித்தோம். நான்காவது ஏதோ இளஞ்சிவப்பு.

ஐந்தாவதைத் தட்டினார். பட்டை கொட்டியது. லேபிள் விழவில்லை. பட்டையைக் கையால் துழாவினோம். வேர்களுக்குள் விரலை விட்டுப் பார்த்தோம். எதுவும் இல்லை.

"இல்லையே" என்றேன்.

அவர் யோசித்தார். மெதுவாகத்தான் பேசினார், லிஃப்ட் ஏன் நிற்கிறது என்று கட்டடத்துக்காரர்களுக்கு விளக்கும் குரலில். "அக்கா நட்ட தொட்டி எல்லாத்துலயும் இருக்கு. இதுல இல்ல. அப்போ இது அக்கா நட்டது இல்ல. வேற வீட்ல நட்டு வந்தது. எங்க வீட்லேர்ந்து வந்தது அவ நட்டபடியே வந்துச்சு. சரிதானே?"

சரியாகத்தான் இருந்தது. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. காலியான தொட்டியைக் கையில் எடுத்தேன், ஓரமாக வைப்பதற்காக. அதன் பின்பக்கத்தில் பாதி கிழிந்த ஒரு ஸ்டிக்கர். நர்சரிக்காரரின் ஸ்டிக்கர். அக்கா கடைசியாகச் சென்று வந்தது அங்கேதான். வாங்கி வந்ததை மாற்றி நட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஸ்டிக்கர் என் பக்கம் இருந்தது. அவர் கத்தியை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார். சொல்ல வாயைத் திறந்தேன். எப்படிச் சொல்வது? இதுவும் இல்லை, இனி எட்டு மாதம் காத்திருங்கள், இல்லையென்றால் உங்கள் மனைவி செடி போனது போனதுதான் என்றா? அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்திருந்தது. தொட்டியைத் திருப்பி, ஸ்டிக்கர் சுவரைப் பார்க்கும்படி வைத்தேன்.

கண்ணில் பட்ட பிழையை வட்டம் போடாமல் விட்டது, முப்பத்தொரு வருடத்தில் அதுதான் முதல்முறை.

எட்டுத் தண்டுகள். நடுவில் வெட்டி, அவருக்கு நான்கு, எனக்கு நான்கு. "ஏற்பாடு அப்படித்தானே" என்றார். எங்கள் பாதியை அந்தப் பழைய தொட்டியிலேயே நட்டார். அவருடைய பாதியை மண்தொட்டியில் நட்டு, செய்தித்தாளால் சுற்றி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். லிஃப்ட் மேலேதான் நின்றிருந்தது. அவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"லிஃப்ட் ஓடுதே" என்றேன்.

"என்னை நம்பி இதை ஏத்த முடியுமா சார்? நடுவுல நின்னுட்டா?"

மூன்று மாடியும் படியில் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. சில நாள் நான் செய்தது கருணை என்று தோன்றும், சில நாள் திருட்டு என்று தோன்றும். நினைத்தால் ஸ்டிக்கரே கண்ணில் நின்றது. மறந்தால் அக்கா கண்ணில் நின்றாள். காலையில் எழுந்ததும் தொட்டிகளைத் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தால் வைத்துவிட்டேன், லேசாக இருந்தால் தண்ணீர் ஊற்றினேன். அது ஒன்றில் மட்டும் குழப்பம் இல்லை.

குளிர் வந்தது. கீழ்த்தட்டின் கடைசித் தொட்டியில், நான் 'நர்சரி ஊதா' என்று லேபிள் குத்தியிருந்ததில், இரண்டு மொட்டுகள் உறையைக் கிழித்துக்கொண்டு வந்தன. ஒரு சனிக்கிழமை விரிந்தன. உள்ளே புதைந்த லேபிளின்படி நர்சரி ஊதா எது என்று எனக்குத் தெரியும். அது நடுத்தட்டில் இன்னும் செருப்பாகத்தான் இருந்தது. ஆகவே இது வேறு ஊதா. எங்கள் வீட்டில் இருந்த ஊதாக்கள் இரண்டே இரண்டு.

பத்து நாள் போனைத் தொடவில்லை. பூ வாடிவிட்டால் சொல்ல வேண்டியதே இல்லை என்றுகூட ஒரு காலை நினைத்தேன். பதினோராவது நாள் கூப்பிட்டேன்.

"சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார்.

"நான் ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும். நீங்க சொல்லுங்க."

"இல்ல, நீங்க சொல்லுங்க."

"வெள்ளையா பூத்திருக்கு சார்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"ஒரே ஒரு பூ. நல்ல பூ. மக கேட்டா, அம்மா செடி ஊதா இல்லையாப்பான்னு. இந்த ஊர்க் குளிருக்கு வெளுத்திருக்கும்மான்னு சொல்லிட்டேன்."

"நம்பினாங்களா?"

"அவ நம்பல. எனக்குத்தான் பாதி நம்பிக்கை வந்துடுச்சு."

"தப்பு என்னோடது" என்றேன். "அந்தத் தொட்டியில நர்சரி ஸ்டிக்கர் இருந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்தும் சொல்லல."

"நானும் பார்த்தேன் சார்."

எதிர்முனையில் ஏதோ பாத்திரச் சத்தம். அவர் நகர்ந்து வேறு அறைக்குப் போவது கேட்டது.

"தொட்டியை எடுத்துத் தட்டினவனே நான்தானே. தட்டுறப்பவே பார்த்தேன். நீங்க திருப்பி வச்சதையும் பார்த்தேன்."

"அப்புறம் ஏன்?"

"இதுவும் இல்லன்னு சொன்னா, மிச்சப் பதினெட்டையும் கவுத்துப் பார்ப்பீங்க. உங்க முகம் அப்படி இருந்துச்சு. என் ஒரு செடிக்காக உங்க அக்கா செடி பதினெட்டும் போகணுமா? அதான் கணக்கு ஒண்ணு சொன்னேன். நீங்க சரின்னுட்டீங்க."

நான் அவருக்காகப் பொய் சொல்லியிருந்தேன், அவர் எனக்காக. நடுவில் ஒரு செடி இரண்டாக வெட்டுப்பட்டு, தன் பெயர் என்னவென்று தெரியாமல் இரண்டு ஊரில் வளர்ந்துகொண்டிருந்தது.

"இங்க ஊதா பூத்திருக்கு" என்றேன்.

"எந்த ஊதா?"

"நர்சரி ஊதா இல்ல. அது தனியா இருக்கு."

"உங்க பேச்சை நம்பி ஒரு தடவை பட்டாச்சு. பூவோட தொண்டையைப் பாருங்க சார். மஞ்சள் இருக்கா? ரெண்டு பக்கமும், கண்ணு மாதிரி?"

போனோடு போய்க் குனிந்து பார்த்தேன். இருந்தது.

"வாசனை?"

"காலையில வருது. வெயில் படுறப்ப. மத்தியானத்துக்கு மேல இல்ல."

நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் உட்காருவது கேட்டது.

"மத்தியானம் வந்தவங்க யாரும் நம்ப மாட்டாங்க சார், இதுக்கு வாசனை உண்டுன்னு. அவ சண்டை போடுவா. காலையில வாங்கன்னு கூப்பிடுவா" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சினார். "அதுதான். புது வேர் விட்டா சொல்லுங்க. நான் வர்றேன்."

"அந்த வெள்ளை?"

"அது உங்க அக்காவோடது. என்கிட்ட பாதி, உங்ககிட்ட பாதி. பேசினபடிதானே."

போனை வைத்தபின் லேபிள்களைப் பார்த்தேன். அழியாத மை எட்டு மாத வெயிலில் அநேகமாகப் போய்விட்டிருந்தது. இருபத்து மூன்றில் பாதிக்கு மேல் வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக். நான் திரும்ப எழுதவில்லை. வேர் வரும்போது உள்ளே இருப்பதைப் படித்துக்கொள்ளலாம்.

கீழ்த்தட்டின் கடைசித் தொட்டியைப் பூவோடு மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை வரைக்கும் தண்ணீர் வேண்டாம்.